இளையோர் காற்பந்தும் வெற்றிக் கிண்ணமும்: பெல்ஜிய நாட்டின் அனுபவம்



ஞாயிற்றுக்கிழமை மாலையில் தோட்டத் திடலில் பிள்ளைகள் பந்தாடுவதைப் பார்த்திருப்பீர்கள். கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்களையும் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஆடுகிறவர்களைவிட வெளியே நிற்பவர்களின் சத்தம்தான் பலமாக இருக்கும். "அடிச்சு விடுடா, முன்னால அடிச்சு விடு" என்பார் ஒருவர். "அந்தச் சின்னவனை வெளியே எடுங்க சார், பெரிய பையனைப் போடுங்க" என்பார் இன்னொருவர். பத்து வயதுப் பையன் பந்தைக் காலடியில் நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று எண்ணுவதற்குள் நாலா பக்கமிருந்தும் கட்டளைகள் வந்துவிடும். அவனும் கண்ணை மூடிக்கொண்டு உதைத்து விடுவான். பந்து புல்லுக்குள் போய் விழும். எல்லாரும் கைதட்டுவோம்.

இந்தக் கூச்சலினால் பிள்ளைக்கு நன்மையா, தீமையா? கிண்ணத்தை வெல்வதற்காகப் பிள்ளைகளைப் பழக்குகிறோமா, அல்லது பிள்ளைகள் ஆட்டத்தைக் கற்க வேண்டும் என்பதற்காகப் போட்டிகளை வைக்கிறோமா? இக்கேள்வியை ஒரு நாடே எழுப்பி, ஆராய்ந்து, அதற்கு ஒரு விடையும் கண்டு, அவ்விடைக்காகப் பல ஆண்டுகள் தோல்வியையும் தாங்கியது. அந்த நாடு பெல்ஜியம்.

ஐரோப்பாவில் பிரான்சுக்கும் ஹாலந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவே அமைந்துள்ள சிறிய நாடு அது. பரப்பில் நம் பகாங் மாநிலத்தைவிடச் சிறியது. மக்கள் தொகை ஏறத்தாழ 1 கோடியே 18 லட்சம். நம் மலேசியாவில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான மக்கள் இருக்கிறார்கள். இருந்தபோதிலும் 1986ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் பெல்ஜியம் நான்காம் இடத்தைப் பிடித்தது. அதன் பிறகு மெல்ல மெல்லச் சரிவு ஏற்பட்டது. 1998இல் பிரான்சில் நடந்த உலகக் கிண்ணத்தில் மூன்று ஆட்டம் ஆடி, மூன்றையும் சமநிலையில் முடித்து, ஒரு தோல்வியும் காணாமலேயே முதல் சுற்றோடு வீடு திரும்பியது. தோற்கக்கூடாது என்று மட்டுமே எண்ணி ஆடுகிறவர்களுக்கு நேரக்கூடியது இதுதான்.

அடுத்து வந்த அடி இன்னும் பலமானது. 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியைப் பெல்ஜியமும் ஹாலந்தும் சேர்ந்து நடத்தின. முதல் ஆட்டத்தில் பெல்ஜியம் சுவீடனை 2–1 என்று வென்றது. பிறகு இத்தாலியிடம் 0–2, துருக்கியிடம் 0–2 என்று தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது. கல்யாண வீட்டுக்காரரே பந்தியில் இடமில்லாமல் எழுந்து போனது போலாயிற்று.

ஆனால் அந்தப் போட்டியை நடத்தியதில் அவர்களுக்குப் பணம் கிடைத்தது. அதைக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் கவனிக்கத் தக்கது. வெளிநாட்டிலிருந்து பெரிய பயிற்றுநர் ஒருவரை வரவழைத்து அடுத்த கிண்ணத்துக்கு ஆயத்தமாகவில்லை. தூபிஸ் என்னும் ஊரில் தேசியப் பயிற்சி நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் கற்பிப்போருக்கான தொடக்கநிலைப் பயிற்சி வகுப்பை இலவசமாக்கினார்கள். அதில் சேருவோர் தொகை பன்மடங்கு பெருகியது. இந்த வேலைகளுக்குத் தலைமை தாங்கியவர் மிசெல் சப்லோன் என்பவர். 1986 உலகக் கிண்ணத்தின்போது நாட்டு அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தவர். வெற்றியின் சுவையை அறியாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

எதையும் மாற்றுவதற்கு முன்பாக, நாட்டில் பிள்ளைகள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என அவர்கள் நினைத்தார்கள். லூவன் பல்கலைக்கழகத்தாரின் உதவியோடு பல வயதுப் பிரிவுகளில் ஏறத்தாழ 1,500 ஆட்டங்கள் படம் பிடிக்கப்பட்டன. பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்கள் அல்ல, சிறுவர்களின் ஆட்டங்கள். அவற்றை உட்கார்ந்து பார்த்து எண்ணினார்கள். ஒரு பிள்ளை எத்தனை தடவை பந்தைத் தொடுகிறான்? எத்தனை தடவை எதிரியைத் தாண்டிப் போக முயல்கிறான்? கிடைத்த விடை அவர்களையே திடுக்கிட வைத்தது. பெரிய திடலில், பெரியவர்களைப் போலவே அணி வகுத்து ஆடிய எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளில் பலர், அரை மணி நேர ஆட்டத்தில் பந்தைத் தொட்ட தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற நேரமெல்லாம் ஓடினார்கள், நின்றார்கள், வேடிக்கை பார்த்தார்கள். வெல்வதற்கு அளவுக்கு மீறி முதன்மை கொடுக்கப்படுகிறது, கற்பதற்குப் போதிய இடமில்லை என்பதே ஆய்வின் முடிபு.

இதே லூவன் பல்கலைக்கழகத்தில் வெர்னர் ஹெல்சன் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் செய்த மற்றோர் ஆராய்ச்சியை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பெற்றோர்கள் கட்டாயம் அறிய வேண்டியது இது.

இளையோர் அணிகளை வயதுவாரியாகப் பிரிக்கும்போது, ஏதாவது ஒரு தேதியை எல்லையாக வைக்க வேண்டியிருக்கிறது. பெல்ஜியத்தில் 1997 வரையில் ஆகஸ்டு முதல் தேதி எல்லையாக இருந்தது. ஆகஸ்டில் பிறந்தவன் தன் பிரிவில் மூத்தவன். ஜூலையில் பிறந்தவன் இளையவன். ஒரே பிரிவுதான், ஆனால் இருவருக்கும் இடையில் ஏறக்குறைய ஓராண்டு வேறுபாடு. பத்து வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் பலத்திலும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது பிள்ளை வளர்த்த தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளின் பிறந்த மாதங்களைப் பார்த்தபோது, ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபரில் பிறந்தவர்களே மிகுதியாக இருந்தார்கள். ஆண்டின் கடைசி மாதங்களுக்கு உரியவர்கள் பன்னிரண்டு வயதிலேயே ஆட்டத்தை விட்டு விலகத் தொடங்கியிருந்தார்கள்.

1997இல் எல்லைத் தேதியை ஜனவரி முதல் தேதிக்கு மாற்றினார்கள். உடனே என்ன நடந்தது தெரியுமா? ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்த பிள்ளைகள் "திறமைசாலிகள்" ஆகிவிட்டார்கள்! நேற்றுவரை திறமைசாலியாக இருந்த ஆகஸ்டுப் பிள்ளை பின்னுக்குப் போய்விட்டான். பிள்ளைகளின் கால்கள் மாறவில்லை, நாட்காட்டிதான் மாறியது. பயிற்றுநர்கள் திறமை என்று எண்ணித் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் உடல் வளர்ச்சியைத்தான் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெல்ல வேண்டும் என்று நினைக்கிறவன் பெரிய பையனைத்தான் பொறுக்குவான்.

இந்த ஆராய்ச்சியைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளி அணியில் டிசம்பர் மாதக் கடைசியில் பிறந்த பையன் ஒருவன் இருந்தான். சிறிய உருவம். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டது போலிருக்கும். வட்டாரப் போட்டியில் நான் அவனை ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. மூன்று ஆட்டங்களிலும் காலணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். கிண்ணத்தை வென்றோம். அந்தக் கிண்ணம் இன்றும் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அந்தப் பையன் அதற்குப் பிறகு திடலுக்கு வரவில்லை. அவன் பெரிய ஆட்டக்காரனாக வந்திருப்பான் என்று நான் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்தவன் நான்.

சரி, பெல்ஜியத்துக்குத் திரும்புவோம். ஆய்வு முடிந்தது. அவர்கள் எடுத்த முடிவுகள் கேட்பதற்கு எளியவை. மிகச் சிறு பிள்ளைகள் இருவருக்கு இருவராக ஆட வேண்டும். சற்று வளர்ந்தவர்கள் ஐவருக்கு ஐவராக. அதற்கும் மேல் எண்மருக்கு எண்மராக. பதினொருவர் ஆட்டம் பிறகுதான். நாட்டின் இளையோர் அணிகள் எல்லாம் பின்னால் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர் என்று ஒரே அமைப்பில் ஆட வேண்டும். அதுவரையில் அங்கே பழக்கத்தில் இருந்தது, பின்னால் கூட்டமாக நின்று தடுத்துவிட்டு, சமயம் பார்த்து முன்னே பாயும் ஆட்டம். அதில் தோல்வி குறையும். ஆனால் பந்தை வைத்துக்கொண்டு எதிரியைத் தாண்டிப் போகும் துணிவு பிள்ளைக்கு வராது என்று சப்லோன் குழுவினர் கருதினர். மேல் வயது அணிக்கு ஏற்றப்பட்ட பையனை, ஒரு முக்கியமான ஆட்டத்தை வென்றாக வேண்டும் என்பதற்காக மறுபடியும் கீழ் அணிக்கு இறக்கக்கூடாது என்பதும் அவர்கள் கொள்கை. தாமதமாக உடல் வளரும் பிள்ளைகளுக்கென்று பின்னாளில் தனி அணிகளையே அமைத்தார்கள்.

எல்லாவற்றிலும் அதிகமான எதிர்ப்பைக் கிளப்பியது ஒரு சிறிய விதி. ஏழு வயதுக்கும் எட்டு வயதுக்கும் உட்பட்ட பிரிவுகளில் புள்ளிப் பட்டியல் கிடையாது. ஆட்டம் உண்டு, கோல் உண்டு. ஆனால் யார் முதலிடம், யார் கடைசி என்று எழுதி ஒட்டமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. பெரியவர்கள்தாம் கொதித்தார்கள். பட்டியல் இல்லாமல் எங்கள் சங்கம் நல்ல சங்கம் என்று எப்படித் தெரியும்? என் மகன் நன்றாக ஆடுகிறான் என்பதற்கு என்ன அத்தாட்சி? சப்லோன் ஊர் ஊராகப் போய்ச் சங்கத்தாரிடமும் பயிற்றுநர்களிடமும் பேசிப் பார்த்தார். படம் பிடித்த ஆட்டங்களையும் எண்ணிக்கைகளையும் காட்டினார். அப்படியும் இந்த முறை பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட ஐந்தாறு ஆண்டுகள் ஆயின.

அந்த ஆண்டுகளில் பெல்ஜியத்தின் தேசிய அணி என்ன சாதித்தது? சாதிக்கவில்லை என்பதே விடை. 2002 உலகக் கிண்ணத்தில் இரண்டாம் சுற்றில் பிரேசிலிடம் தோற்றது. அதன் பிறகு 2006, 2010 ஆகிய இரண்டு உலகக் கிண்ணங்களுக்கும், 2004, 2008, 2012 ஆகிய மூன்று ஐரோப்பியக் கிண்ணங்களுக்கும் தகுதி பெறவே இல்லை. 2007இல் உலகத் தரவரிசையில் 71ஆம் இடத்துக்கு இறங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள், நேயர்களே. அன்று ஆறு வயதில் பந்தைத் தொட்ட பையன் பதினெட்டு வயது வாலிபனாகும் காலம்.

ரப்பர் மரத்தோடு வாழ்ந்த நமக்கு இது புரியாத செய்தியன்று. கன்று நட்டு, அடிமரம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் சுற்றளவு வரும்வரை கத்தி வைக்கக்கூடாது. அதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கும். அவசரப்பட்டு இளமரத்தில் வெட்டினால் அன்றைக்குக் கொஞ்சம் பால் கிடைக்கும். மரம் பருக்காமல் நின்றுவிடும். வெட்டுமரத்தில் இதை அறிந்தவர்கள், பிள்ளை விஷயத்தில் மட்டும் ஏனோ மறந்து போகிறோம்.

பெல்ஜியத்தில் இளமரங்கள் பருக்கத் தொடங்கிய அடையாளம் 2007இல் தெரிந்தது. அந்த ஆண்டு 17 வயதுக்குட்பட்டோரின் ஐரோப்பியப் போட்டியில் அவர்களுடைய பையன்கள் அரையிறுதி வரை வந்தார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இளைஞர் அணி நான்காம் இடம். 2014 உலகக் கிண்ணத்தில் காலிறுதி. 2015 நவம்பரில் உலகத் தரவரிசையில் முதலிடம். 2018இல் ரஷ்யாவில் நடந்த உலகக் கிண்ணத்தில் பிரேசிலை 2–1 என்று வீழ்த்தி, மூன்றாம் இடத்தைப் பெற்றது. கெவின் டி புரூய்னே, கோல் காவலர் திபோ கூர்த்துவா ஆகிய இருவரும் கென்க் நகரத்துச் சங்கத்தில் சிறுவர்களாகப் பயின்று வந்தவர்கள்.

இவ்வளவும் சப்லோனின் திட்டத்தால்தான் விளைந்தது என்று நான் அடித்துப் பேச மாட்டேன். எடென் அசார் பதினான்கு வயதிலேயே பிரான்சிலுள்ள லீல் சங்கத்துக்குப் போய்விட்டவர். வேறு சிலரும் இளவயதிலேயே அயல்நாட்டில் பயின்றார்கள். மேலும், இத்தனை சிறந்த ஆட்டக்காரர்கள் ஒரே காலத்தில் இருந்தும் பெல்ஜியம் ஒரு பெரிய கிண்ணத்தைக்கூட வெல்லவில்லை. 2022இல் கட்டாரில் முதல் சுற்றோடு திரும்பியது. வெற்றியை மட்டுமே அளவுகோலாகக் கொண்டவர்கள் இதைச் சுட்டிக்காட்டி, பார்த்தீர்களா என்று கேட்கலாம். ஆனால் 71ஆம் இடத்தில் கிடந்த சிறிய நாடு அவ்வளவு ஆட்டக்காரர்களை உலகுக்குத் தந்ததே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் அடிபட்ட மற்றொரு நாடு ஜெர்மனி. அவர்களும் இளையோர் பயிற்சியைத் திருத்தி 2014இல் உலகக் கிண்ணத்தை வென்றார்கள். அதோடு நின்றுவிடவில்லை, 2024ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து சிறுபிள்ளைகளின் பிரிவுகளில் சிறு குழு ஆட்டத்தை நாடு முழுவதும் கட்டாயமாக்கி, புள்ளிப் பட்டியலையும் எடுத்துவிட்டார்கள். அங்கும் பெயர் பெற்ற நிர்வாகிகள் சிலர், தோற்கத் தெரியாத பிள்ளைகள் வெல்லவும் அறியமாட்டார்கள் என்று எதிர்த்தார்கள். அந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. போட்டியே வேண்டாம் என்பது என் கருத்தும் அன்று. ஆசியாவின் முதல் இளையோர் காற்பந்துப் போட்டி 1959இல் நம் கோலாலம்பூரில், துங்கு அப்துல் ரகுமான் அவர்களின் முயற்சியால் நடந்தது என்பதில் நமக்குப் பெருமையே. எந்த வயதில் எவ்வளவு போட்டி என்பதே கேள்வி.

வெற்றி வெறி முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு மெக்சிகோவைச் சொல்லலாம். 1988இல் 20 வயதுக்குட்பட்டோருக்கான வட்டாரப் போட்டியில் வயது கடந்த நால்வரை, வயதை மறைத்து, மெக்சிகோ சங்கத்தார் ஆட விட்டார்கள். விஷயம் வெளிப்பட்டது. மெக்சிகோவின் எல்லா அணிகளுக்கும் அனைத்துலகச் சங்கம் இரண்டாண்டுத் தடை விதித்தது. 1988 சியோல் ஒலிம்பிக் போயிற்று. 1990 உலகக் கிண்ணமும் போயிற்று. பெரியவர்கள் செய்த திருட்டுக்கு, ஒரு பாவமும் அறியாத ஆட்டக்காரர்கள் தண்டனை அனுபவித்தார்கள். அடையாள அட்டையைக் கேட்டால் முகம் சுளிக்கும் குழு நிர்வாகிகள் நம் தோட்டப் போட்டிகளிலும் உண்டு. அவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சப்லோன் நம் பக்கமும் வந்தார். 2015இல் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் அவரைத் தொழில்நுட்ப இயக்குநராக நியமித்தது. 2018 முடிய அங்கே பணியாற்றினார். பெல்ஜியத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்த வேலைக்கு இங்கே கிடைத்தவை நான்கு ஆண்டுகளுக்கும் குறைவே.

மலேசியாவின் கதை இன்னும் நெருக்கமானது. 2014இல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஜெர்மனியின் பாயர்ன் மூனிக் சங்கத்தில் இளையோரைப் பழக்கிய லிம் தியோங் கிம் அதற்குப் பொறுப்பேற்றார். பகாங், கம்பாங்கில் மொக்தார் டஹாரி பெயரில் பயிற்சிக் கழகம் எழுந்தது. நாடெங்குமிருந்து பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். 2018இல் 16 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கிண்ணப் போட்டி நம் நாட்டிலேயே நடந்தது. முதல் ஆட்டத்தில் தாஜிக்கிஸ்தானை 6–2 என்று வென்றபோது நாடே துள்ளியது. அடுத்து தாய்லாந்திடமும் ஜப்பானிடமும் தோற்று, உலகப் போட்டிக்குப் போகும் வாய்ப்பு நழுவியது. மக்களுடைய ஏமாற்றம் பத்திரிகைகளில் கொட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் லிம்மின் பொறுப்பும் முடிவுக்கு வந்தது. அவர் செய்தவை எல்லாம் சரி என்று சொல்ல நான் வரவில்லை. நான்கு ஆண்டு உழைப்பை மூன்று ஆட்டங்களால் அளந்துவிட்டோம் என்பதையே நினைத்துப் பார்க்கிறேன். அந்த அணியின் முன்னணி ஆட்டக்காரர் லுக்மான் ஹக்கீம் பிறகு ஒப்பந்தமாகிச் சென்றது பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் சங்கத்துக்கு.

தோட்டத்தில் இருக்கும் நம்மால் தேசியத் திட்டங்களை மாற்ற இயலாது. இருவருக்கு இருவர் ஆட்டத்துக்குத் திட்டமும் வேண்டாம், மானியமும் வேண்டாம். லயத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம் போதும். இரு முனைகளிலும் இரண்டிரண்டு செருப்புகளை வைத்தால் கோல் கம்பங்கள் ஆகிவிடும். நாலு பிள்ளைகளில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. பந்து எல்லார் காலுக்கும் வந்தே தீரும்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போகும்போது ஒரு தாளும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். கோட்டோரமாக உட்காருங்கள். உங்கள் பிள்ளை பந்தைத் தொடும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரம் கழித்து எண்ணிப் பார்த்து, அந்தக் கணக்கைப் பிள்ளையிடம் காட்டாமல் பயிற்சி கொடுக்கும் ஆசிரியரிடம் காட்டுங்கள். என்னிடம் ஒரு தாயார் அப்படி ஒரு தாளைக் கொண்டு வந்து நீட்டினார். அதில் நான்கு கோடுகள் இருந்தன.